உங்களுக்கு ஏத்த மாதிரி

இல்லைங்க தம்பி, அந்தப் பக்கம் போகாதீங்க. மெஷின் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருக்கு. ஸ்பேனரெல்லாம் எதுக்கு எடுக்கறீங்க, உள்ள வைங்க. ரிப்பேர் மெஷினுக்கு இல்ல, இதுக்கு. இதோ, சுவத்துல மாட்டி வச்சிருக்கீங்களே, இந்தப் பேசற பலகைக்கு. நீங்க மாட்டலையா? சரி, உங்க கம்பெனி ஆளு யாரோ மாட்டினாரு. எனக்கு எல்லாரும் ஒண்ணுதான், எல்லாரும் அதே நீலச் சட்டையிலதான் வர்றீங்க.

உட்காருங்க. அந்த ஸ்டூல் ஈரம். இந்த மூட்டை மேல உட்காருங்க. ஓட்டல் படுக்கை விரிப்பு, இன்னும் துவைக்கல. துவைச்ச மூட்டையில உட்கார விட மாட்டேன், உங்க எம்.டி. வந்தாலும் சரி.

உங்க கம்பெனிக்கு ஃபோன் பண்ணி அந்தப் பொண்ணுகிட்ட எல்லாம் சொன்னேனே, உங்ககிட்ட சொல்லலையா? என்னன்னு எழுதியிருக்கு, படிங்க பார்ப்போம். பயனருக்குப் பொருந்தாத அறிவுரை... ம்க்கும். அழகா எழுதியிருக்கு. நான் அப்படியா சொன்னேன்? இந்தம்மா என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டுத்தான் ஓய்வாங்க போலிருக்கு, வந்து என்னன்னு பாருங்கன்னு சொன்னேன். இந்தம்மான்னா, இதுக்குள்ள பேசுதே, அதுதான். பொம்பளக் குரல்ல பேசுது, வேற எப்படிச் சொல்றது?

நல்லதையும் சொல்லிடணும். முன்னாடியெல்லாம் டிரையர் சூடாகலன்னா மெக்கானிக்குக்கு ஃபோன் பண்ணணும். அந்த மனுஷன் வழியிலதான் இருக்கேன், வழியிலதான் இருக்கேன்னே சொல்வாரு, எந்த வழின்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஈரத்துணி நாறிப்போய்க் கிடக்கும். ஓட்டல்காரன் வந்து வாசல்ல நின்னு கத்துவான். இது வந்தப்புறம் அந்தத் தலைவலி விட்டுச்சு. டிரையர் சூடாகலன்னு சொன்னேன், கீழ ஒரு தட்டு இருக்கும், இழுங்க, பஞ்சு அடைச்சிருக்கும், எடுங்கன்னுச்சு. இழுத்தா ஒரு தலையணைக்கு ஆகற அளவு பஞ்சு. எடுத்தேன், ஓடுச்சு. அன்னைக்கு நான் இதுக்கு விழுந்து கும்பிடாத குறைதான்.

மாட்டும்போது உங்க ஆளு சொன்னாரு. அம்மா, இது புஸ்தகத்துல இருக்கறத அப்படியே ஒப்பிக்கற ஜாதி இல்ல. உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது, எதுக்குப் பயப்படுவீங்க, எது கைவரும், எல்லாத்தையும் பழகப் பழகக் கத்துக்கும், அப்புறம் உங்களுக்கு ஏத்த மாதிரி சொல்லிக் கொடுக்கும்னாரு. நான் சொன்னேன், சந்தோஷம்பா, எங்க வீட்டுக்காரருக்கே இத்தனை வருஷத்துல அது வரலன்னு. சிரிச்சுட்டுப் போனாரு. சிரிச்சவரு போயிட்டாரு, மாட்டிக்கிட்டவ நான்.

என்ன பண்ணுச்சா? கேளுங்க. ஒரு நாள் காலையில டிரம் சுத்தும்போது கரகரன்னு சத்தம். இதுகிட்ட கேட்டேன். இது ரொம்ப சாவகாசமா சொல்லுது, போன தடவ நீங்க பண்ண மாதிரியே பின்பக்க மூடியக் கழட்டிட்டு, பெல்ட்ட விரலால அமுத்திப் பாருங்கன்னு. நானா? பின்பக்க மூடியவா? நான் அந்தப் பக்கம் பெருக்கக்கூடப் போனதில்ல தம்பி. எனக்குக் கரண்டுன்னா அவ்வளவு பயம். ஒரு பல்பு மாத்தணும்னா செருப்பு போட்டுக்கிட்டு, மர நாற்காலி மேல ஏறி, பக்கத்துல ஒரு ஆளையும் நிறுத்தி வச்சுக்கிட்டுத்தான் மாத்துவேன். என்னைப் போய் பெல்ட்ட அமுத்துங்கன்னா? நீங்கதான் ரொம்ப நல்லா பண்ணீங்களேன்னு வேற எனக்கு உற்சாகம் கொடுக்குது!

அதேதான். நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க, படிச்சவரு. வேற ஆளும் இதை உபயோகிக்குது. மத்தியானத்துக்கு மேல ஒருத்தி வருவா. என் தங்கச்சி.

அப்பா வச்சுட்டுப் போன லாண்டரி இது, ரெண்டு பேருக்கும் பொது. காலையில நான் பார்க்கறேன், மத்தியானத்துல இருந்து அவ. சாவி பக்கத்துத் தையல்கடையில இருக்கும். நான் பூட்டிக் கொடுத்துட்டுப் போவேன், அவ வந்து வாங்கித் திறப்பா. சில நாள் நான் கிளம்பக் கொஞ்சம் தாமதமாயிடும், தெருமுனையில அவ குடை வர்றது தெரியும். நான் இந்தப் பக்கம் சந்துல இறங்கிடுவேன். நேருக்கு நேரா? இல்ல. பேச்சுவார்த்தை கிடையாது. அதெல்லாம் மெஷினுக்குச் சம்பந்தமில்லாத கதை, விடுங்க.

ஏன் ரெண்டு பேரா பதியலன்னா, உங்க ஆளு அன்னைக்கே கேட்டாரு, பேர் சொல்லுங்கம்மான்னு. என் பேரைக் கொடுத்தா அவ அதைத் தொட மாட்டா. அவ பேரைக் கொடுக்க எனக்கு என்ன வேண்டுதலா? ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல போடறதா, முதல்ல எந்தப் பேருங்கற சண்டைக்கு யாரு பஞ்சாயத்து பண்றது? அதனால கடைப் பேரைப் போட்டுக்கப்பான்னேன். அவரும் போட்டுட்டாரு. இந்தம்மா என்ன நினைச்சுக்கிட்டாங்க, கடைங்கறது ஒரு பொம்பளன்னு நினைச்சுக்கிட்டாங்க.

குரலா? ஆமாமா, குரலை வச்சே ஆளைப் பிரிச்சுக்கும்னு அவரும் பெருமையா சொன்னாரு. எங்க குரலை எங்களப் பெத்தவராலேயே பிரிக்க முடியல. ஃபோன்ல எடுத்தா பெரியவளா சின்னவளான்னு கேட்டுட்டுத்தான் பேச ஆரம்பிப்பாரு. எங்க வீட்டுக்காரர் கல்யாணமான புதுசுல ஒரு நாள் நான்னு நினைச்சு அவகிட்ட ரொம்ப நேரம் கொஞ்சியிருக்காரு. இவ வாய மூடிக்கிட்டு முழுக்கக் கேட்டுட்டு, கடைசியில, அத்தான், அக்கா குளிக்கப் போயிருக்கா, வந்ததும் எல்லாத்தையும் அப்படியே சொல்லிடறேன்னு சொல்லியிருக்கா. மனுஷன் அப்புறம் ரொம்ப நாள் எங்க அப்பா வீட்டுப் பக்கமே தலை வச்சுப் படுக்கல. அப்படிப்பட்ட கழுதை அவ.

சிரிக்கறீங்க. சிரிங்க. இங்க நடந்ததக் கேட்டா இன்னும் சிரிப்பீங்க. என்னை மாதிரி பயந்தவ ஒருத்தி, அவள மாதிரி ஸ்க்ரூ டிரைவர எடுத்தா கீழ வைக்காதவ ஒருத்தி, ரெண்டு பேரையும் ஒரே ஆளா போட்டுக் கலக்கினா என்ன வரும்? இந்தம்மாவுக்கே குழம்பிப்போச்சு. ஒரு நாள் என்னைக் கேட்குது, இன்னைக்கு நீங்க பயப்படற நாளா, பயப்படாத நாளான்னு. பயப்படற நாள்தான் தாயே, உனக்குப் புண்ணியமா போகும், மெதுவா சொல்லுன்னேன்.

அந்தப் பக்கம் அவளுக்கும் இதே கூத்துதான். தையல்கடைக்காரம்மா சொன்னாங்க. அவ ஏதோ கேட்டிருக்கா, இது உடனே, உங்களுக்கு ஷாக் பயம்னு தெரியும், அதனால முதல்ல மெயின் சுவிட்ச அணைங்க, கையத் துணியில தொடைச்சுக்கங்க, மூச்ச நிதானமா விடுங்கன்னு ஆரம்பிச்சிருக்கு. எனக்கா பயம், எனக்கான்னு இவ கத்தின கத்துல, தையல்கடையில அளவு கொடுத்துக்கிட்டு இருந்தவங்க எல்லாம் எட்டிப் பார்த்திருக்காங்க. கத்தி முடிச்சதும் யாரு பயந்தது, எப்பப் பயந்ததுன்னு அவளுக்குப் புரிஞ்சிருக்கும். அவளுக்குத் தெரியாத பயமா என்னோடது? சின்ன வயசுல இடி இடிச்சா அவ போர்வைக்குள்ள நான்தான் போய்ப் பூந்துக்குவேன், அவ இல்ல.

தண்ணி குடிக்கறீங்களா? வேணாமா, சரி.

இவ்வளவும் பொறுத்துக்கிட்டேன். கம்ப்ளெயின்ட் பண்ணலையே? பழகிப்போச்சு. இது சொல்றதுல பாதி எனக்கு, பாதி அவளுக்கு. என் பாதிய எடுத்துக்குவேன், அவ பாதிய விட்டுடுவேன். அவளும் அப்படித்தான் பண்ணியிருப்பா. நடுவுல ஒண்ணு வந்துச்சு பாருங்க, அதுலதான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிடுச்சு.

திடீர்னு இது என்னை நோயாளி மாதிரி நடத்த ஆரம்பிச்சுது. மெஷினுக்குக் கீழ தண்ணி வடியற ஃபில்டர் இருக்கில்ல, அந்த மூடியத் திறக்கணும். எப்பவும் இடது பக்கமாத் திருகி இழுங்கன்னு ஒரே வரியில சொல்லும். அன்னைக்குச் சொல்லுது, தரையில உட்கார்ந்துக்கங்க, அவசரம் இல்ல, மூடி மேல ஈரத்துணியச் சுத்துங்க, இடது கையால பிடிச்சுத் திருகுங்க, வலது கைக்குப் பாரம் கொடுக்காதீங்கன்னு. எனக்கு என்ன கேடு வலது கைக்கு? ரெண்டு வாளித் தண்ணிய ஒரே கையில தூக்குவேன் நான். ஸ்க்ரூ கீழ விழுந்தா குனிஞ்சு தேடாதீங்க, ஒரு குச்சியில காந்தத்தக் கட்டி வச்சுக்கங்கங்குது. கனமானத ஒரே தடவையா தூக்காதீங்கங்குது. துணிய டிரம்முல இருந்து கொத்தா இழுக்காம ஒண்ணொண்ணா எடுங்கங்குது. ஒரு நாள் முழுக்க நின்னாலும் எடுத்து முடிக்க முடியுமா அப்படி? ஓட்டல்காரன் வாசல்ல வந்து நிப்பான், நான் உள்ள பூப்பறிக்கற மாதிரி விரிப்பு எடுத்துக்கிட்டு இருக்கணுமா?

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. ஏம்மா, யாருக்கு ஏத்த மாதிரி சொல்ற நீ, எனக்குக் கை கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, வாய மூடிக்கிட்டுச் சொல்றத மட்டும் சொல்லுன்னேன். உங்க நலன்ல எனக்கு அக்கறை இருக்குன்னுச்சு. எங்க மாமியாரே இப்படிப் பேசினதில்ல.

அப்பயும் எனக்கு விளங்கலைங்க. எல்லாத்தையும் காதால கேட்டும் மண்டையில ஏறல. இது கெட்டுப்போச்சுன்னுதான் நினைச்சேன்.

அப்புறம் ஒரு நாள் ஷட்டரத் தூக்கறேன், உள்ள ஒரே தண்ணி. கணுக்கால் நனையற தண்ணி. கீழ வச்சிருந்த மூட்டையெல்லாம் ஊறிப்போச்சு, துவைச்சு மடிச்சு வச்சது. ஃபில்டர் மூடி வழியா ராத்திரி பூரா கசிஞ்சிருக்கு. அந்த மூடிய நேத்து சாயங்காலம் மூடிட்டுப் போனவ அவ. எனக்கு வந்த வார்த்தையெல்லாம் உங்ககிட்ட சொல்ல முடியாது, வயசுல சின்னவரு. திமிரு, கொழுப்பு, என் தலையில கட்டணும்னே இப்படிப் பண்ணிட்டுப் போயிருக்கான்னு வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே கூட்டித் தள்ளறேன். திட்டிக்கிட்டே அந்த மூடிய இறுக்கலாம்னு கைய வச்சா, ரெண்டு விரல்ல கழண்டு வருது.

அதுலதான் எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. ஏன்னா அவ இறுக்கினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஊறுகாய் பாட்டில மூடி வச்சாலே அப்புறம் வீட்டுல ஒருத்தராலயும் திறக்க முடியாது. சின்ன வயசுல இருந்தே அப்படி. அம்மா கத்துவாங்க, ஏண்டி இது பாட்டிலா பேங்க் லாக்கரான்னு. இங்க வந்தும் அதேதான். தினம் காலையில அந்த ஃபில்டர் மூடிய நான் சுத்தியலால தட்டித்தான் திறப்பேன், அவளத் திட்டிக்கிட்டே. யோசிச்சுப் பார்க்கறேன், சுத்தியல எடுத்தே ரொம்ப நாளாச்சு.

தொடப்பத்தச் சுவத்துல சாத்திட்டு இதுகிட்ட வந்தேன். ஏன் தண்ணி ஒழுகுச்சுன்னு கேட்டேன். இது சொல்லுது, வலது கையில பிடிப்பு குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்க, மூடிய முழுசா இறுக்க முடியாம போயிருக்கலாம், உங்க மேல தப்பு இல்லன்னு.

உங்க மேல தப்பு இல்லன்னு சொல்லுது தம்பி. என்கிட்ட. நான் அந்தத் தண்ணியிலயே நின்னேன். தையல்கடைக்காரம்மா வந்து, என்னக்கா, மோட்டார் போட்டு இறைக்கணுமான்னு கேட்டப்பதான் நகர்ந்தேன். அழுதேனான்னு கேட்டா, ஆமா, அழுதேன். கோபத்துலதான். பாதி கோபம்.

கோபம் வராதா பின்ன? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அவ? என்கிட்ட வேணாம், நான் ஆகாதவ. அத்தான்கிட்ட சொல்லலாம். என் பொண்ணுகிட்ட சொல்லலாம், அவகூட மட்டும் ஃபோன்ல பேசிக்கிட்டுத்தான் இருக்கா, எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. அவ வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்காரு, எப்பவாவது வர்றவரு, அவருக்கும் தெரியாது, விசாரிச்சுட்டேன். எல்லாரையும் விட்டுட்டு இந்தச் சுவத்துப் பலகைகிட்ட போய்ச் சொல்லியிருக்கா. ஸ்க்ரூ திருக முடியல, ஏன்னா கை பிடிக்கலன்னு. ஒரு மெஷின்கிட்ட, இன்னொரு மெஷின் ரிப்பேர் கேட்கற சாக்குல.

என் பொண்ணு விஷயத்துல மட்டும் வார்த்தை அவ்வளவு சுலபமா வந்துச்சே! சரி, சொல்லிடறேன், இவ்வளவு சொன்னப்புறம் அதுல என்ன. என் பொண்ணுக்கு ஒரு இடம் பேசி முடிவாகற நிலைமை. அவளுக்குச் சின்ன வயசுல இருந்து வலிப்பு வரும், மாத்திரை போட்டா வராது. கல்யாணம் முடியட்டும், பக்குவமா சொல்லிக்கலாம்னு நான் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டம்மா நேரா என் தங்கச்சிக்கு ஃபோன் பண்ணி, பொண்ணுக்கு உடம்பு எதாச்சும் உண்டான்னு கேட்டிருக்காங்க. இவ இருக்குன்னுட்டா. மாத்திரை பேரோட சொல்லியிருக்கா. அந்த இடம் போச்சு. அன்னைக்கு இதே கடையில, இதோ இந்த மேஜைக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். ஏண்டி சொன்னேன்னு கேட்டேன். கேட்டாங்க, சொன்னேன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேசல.

பொண்ணா? நல்லா இருக்கா. வேற இடம். மாத்திரை விஷயமெல்லாம் தெரிஞ்சே கட்டிக்கிட்டவரு, அலாரம் வச்சு அவரே எடுத்துக் கொடுக்கறாரு. அப்ப சண்டைக்கே காரணம் இல்லையேங்கறீங்க. எனக்குத் தெரியாதா அது? பேசாம இருந்து இருந்து பழகிட்டா, எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியாது. வணக்கம்னு ஆரம்பிக்கறதா, கூடப் பிறந்தவகிட்ட?

ஐயய்ய, என்ன பண்றீங்க? என்னத்தத் தட்டறீங்க அதுல? இருங்க, இருங்க. கைய எடுங்க முதல்ல. பழைய நினைவ அழிச்சுட்டு ரெண்டு பேருக்கும் தனித்தனியா புதுசா திறந்துடுவீங்களா? யாரு கேட்டா உங்கள? இல்ல, எனக்குக் குழப்பமா இருக்குன்னு சொன்னேன், அழிங்கன்னு சொன்னேனா? எங்கயாச்சும் சொன்னேனா? உங்க ஃபோன்ல எழுதியிருக்கறதுல காட்டுங்க. பொருந்தாத அறிவுரைன்னுதான இருக்கு. பொருந்தாட்டிப் போகட்டும். எனக்குப் பொருந்தாதது அவளுக்குப் பொருந்துதில்ல?

கோபப்படல தம்பி. பதறிட்டேன், அவ்வளவுதான். உட்காருங்க. சொல்றேன்.

அந்தத் தண்ணி வந்த நாள்ல இருந்து, நான் இதுகிட்ட ஒண்ணு கேட்கறேன். காலையில ஷட்டரத் தூக்கினதும், மெஷினக்கூட இன்னும் போட்டிருக்க மாட்டேன், இது முன்னாடி வந்து நின்னு கேட்பேன். என் கை எப்படி இருக்குன்னு. என் கைன்னுதான் கேட்கணும். தங்கச்சி கைன்னா இதுக்குத் தெரியாதே. குரலும் அதே குரல், இதுக்குச் சந்தேகமே வராது. நேத்து நீங்க சுண்டு விரலும் மரத்துப்போச்சுன்னு சொன்னீங்க, அப்படீன்னு சொல்லும். இல்லன்னா, நேத்து நீங்க ஒரு தடவதான் ஸ்க்ரூவக் கீழ போட்டீங்க, பரவாயில்லங்கும். பரவாயில்லன்னா அன்னைக்குப் பூரா எனக்கு வேலை ஓடும்.

தப்புதான். அவ பேச்ச அவளுக்குத் தெரியாம கேட்கறது தப்புன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கேட்டேன்.

என்னால ஆனதப் பண்ணேன். மூட்டைய எல்லாம் காலையிலேயே நானே பிரிச்சு மேஜை உயரத்துல வச்சுடுவேன், அவ குனிஞ்சு தூக்க வேணாம்னு. சாயங்காலம் திறக்க வேண்டிய ஃபில்டர நான் கிளம்பறதுக்கு முன்னாடியே கழுவி இறுக்கிடுவேன். பின்பக்க மூடியக்கூடக் கழட்டினேன் தம்பி, நானு! செருப்ப மாட்டிக்கிட்டு, இந்தம்மா சொல்லச் சொல்ல, அந்த பெல்ட்ட அமுத்திப் பார்த்தேன். ரொம்ப நல்லா பண்ணீங்க, இன்னைக்கு உங்க வலது கை நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லுச்சு. மூடியத் திரும்ப மாட்டிட்டு வந்துட்டேன்.

அவளுக்குத் தெரியாம இருக்குமா? மத்தியானம் அவ வந்து ஃபில்டரப் பத்திக் கேட்டா, நீங்கதான் காலையிலேயே முடிச்சுட்டீங்களேன்னு இது சொல்லியிருக்கும். யாரு முடிச்சதுன்னு அவளுக்குத் தெரியும். எதுக்கு முடிச்சேன்னும் தெரிஞ்சிருக்கும்.

சரி, என்னதான் ரிப்பேருங்கறீங்க. அதுக்குத்தான் வர்றேன். இந்த வாரம் ஒரு நாள் காலையில வந்து வழக்கம்போலக் கேட்டேன். என் கை எப்படி இருக்குன்னு. இது சொல்லுது, கையப் பத்தின பேச்ச இனிமே எடுக்க வேணாம்னு நீங்க சொல்லிட்டீங்க, அதனால சொல்ல மாட்டேன், மெஷின்ல என்ன பிரச்சினைன்னு சொல்லுங்கன்னு. நான் சொல்லலையேன்னேன். நீங்கதான் சொன்னீங்கங்குது. நான்தான் இப்பக் கேட்கறேன், சொல்லுன்னேன். அப்பவும், நீங்களே வேணாம்னதால சொல்ல மாட்டேன்னு அதையே திருப்பிச் சொல்லுது. கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். நேத்து நான் பயப்படாத நாள், இன்னைக்குப் பயப்படற நாள், அதனால சொல்லும்மான்னு கூடக் கேட்டுப் பார்த்துட்டேன். அசையல. இத்தனை நாளா எல்லாத்தையும் கலந்துகட்டிச் சொல்லிக்கிட்டு இருந்தது, இது ஒண்ணுல மட்டும் அப்படி ஒரு ரோஷம்.

அத எடுத்துவிட முடியுமா உங்களால? அவ வேணாம்னு சொன்னத மட்டும். மத்தது எதையும் தொட வேணாம், குழப்பமெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

முடியாதா? ... அவங்க சொன்னத நீங்க மாத்தக் கூடாதா. ம். நியாயம்தான். எனக்கும் தெரியும் நியாயம்னு. அதான் நேரா சொல்லாம இவ்வளவு நேரம் சுத்திக்கிட்டு இருந்தேன்.

நேரா அவகிட்டயே கேட்கறதா? நீங்க சொல்லிட்டீங்க சுலபமா. கேட்டா சொல்ல மாட்டான்னா நினைக்கறீங்க? கேட்டா சொல்லிடுவா தம்பி. அதுதான் என் பிரச்சினையே. அவளுக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. மூஞ்சியப் பார்த்து உள்ளதச் சொல்லிடுவா. இதுகிட்ட கேட்டா, பிடிப்பு குறைவா இருக்கு, துணி சுத்திக்கங்க, இடது கையால பிடிங்கன்னு சொல்லும். ரிப்பேர் சமாச்சாரம் மாதிரி இருக்கும் கேட்க. இப்படிப் பண்ணா சரியாயிடும்னு தோணும்.

எங்கம்மாவுக்கும் வலது கையிலதான் ஆரம்பிச்சது. டம்ளர் நழுவும் முதல்ல. எல்லாருக்கும் நழுவறதுதானேன்னு விட்டுட்டோம். அப்புறம் சீப்பு, அப்புறம் சட்டை ஊக்கு, அப்புறம் முழுங்கறது. கடைசி வரைக்கும் நாங்க ரெண்டு பேரும்தான் கூட இருந்து பார்த்துக்கிட்டோம். எதுக்கப்புறம் எது வரும்னு அவளுக்குத் தெரியாததா?

கிளம்பறீங்களா? சரிங்க. கம்ப்ளெயின்ட்ல சரி பண்ணியாச்சுன்னே எழுதிக்கங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வேணாம் தம்பி, ஷட்டர இறக்காதீங்க, அப்படியே திறந்து கிடக்கட்டும். இப்பல்லாம் அவளால தூக்க முடியறதில்லையாம், தையல்கடைக்காரம்மாதான் வந்து தூக்கி விடறாங்களாம். அவ வர்ற நேரம்தான். நான் இருக்கேன்.